கம்பளம், ஜமக்காளம், கிலிம்: துருக்கிய விரிப்புகளின் வடிவும் பெயரும்

ஐரோப்பிய மொழிகளிலிருந்து தமிழுக்குப் பெயர்க்கப்படும் பயண நூல்களிலும் கலை வரலாற்று நூல்களிலும் 'கம்பளம்' என்னும் ஒரு சொல் அளவுக்கு மீறிய பொருளைச் சுமந்து நிற்கிறது. ஆட்டுமயிர் நூலை முடிச்சிட்டு நெய்த துருக்கிய விரிப்பும் கம்பளம் என்றே பெயர்க்கப்படுகிறது. முடிச்சே இல்லாத கிலிமும் கம்பளம் என்றே பெயர்க்கப்படுகிறது. ஆலையில் செயற்கை இழையால் செய்த தரைவிரிப்புக்கும் அதே சொல்தான். ஆனால் ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் விரிப்பை எவரும் கம்பளம் என்பதில்லை. அது ஜமக்காளம். பேச்சு வழக்கில் உயிரோடிருக்கும் இவ்வேறுபாடு எழுத்து வழக்கில் மங்கிவிட்டது. இதனால் நேரும் இழப்பு சொல்லளவில் நிற்பதன்று. பழந்துருக்கிய விரிப்புகள் எங்கிருந்து எவ்வடிவங்களைப் பெற்றன என்னும் வரலாறே இப்பெயர்க் குழப்பத்தில் பிறழ்ந்துபோகிறது.

துருக்கிய விரிப்புகளுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்களுள் பெரும்பாலானவை அவற்றை நெய்தவர் இட்டவை அல்ல. வாங்கியவரும் விற்றவரும் ஓவியத்தில் வரைந்தவரும் ஆலயங்களில் காத்துவைத்தவரும் காரணமாக அமைந்தவை. வடிவம் நடந்த வழி ஒன்று, பெயர் நடந்த வழி மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தென்னிந்தியாவின் விரிப்புச் சொற்களையும் அவ்வாறே பிரித்துக் காணின், தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குத் தேவையான வேறுபாடுகள் தமிழிலேயே கிடப்பது புலனாகும்.

முடிச்சும் அதன் பெயரும்

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு; குறுக்கே ஓடுவது ஊடை. இவ்விரண்டை மட்டும் கொண்டு நெய்வது தட்டை நெசவு. துருக்கியின் கிலிம் இவ்வகையைச் சார்ந்தது. அதில் ஊடை நெருக்கி அடிக்கப்படுவதால் பாவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிறமும் வடிவமும் ஊடையினாலேயே அமைகின்றன. ஒரு நிறத்து ஊடை தன் எல்லை வந்ததும் திரும்பிவிடுவதால் இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சிறு பிளவு உண்டாகும். பிளவு நீண்டால் துணி வலுவிழக்கும். எனவே கிலிமின் வடிவங்கள் நேர்நெடுங்கோடுகளைத் தவிர்த்துப் படிப்படியாகவும் சாய்வாகவும் ஏறி இறங்குகின்றன. சாய்சதுரமும் கொக்கியும் மிகுந்திருப்பதற்கு நெசவின் இக்கட்டாயமே முதற்காரணம் எனலாம்.

துருக்கியர் 'ஹாலி' என்பது வேறு. அதில் பாவு நூல்களின்மேல் வண்ண மயிர்நூல் வரிசை வரிசையாக முடிச்சிடப்பட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் பிறகு ஊடை ஓட்டி அடிக்கப்படும். கத்தரிக்கப்பட்ட நூல் நுனிகள் நிமிர்ந்து நின்று விரிப்பின் முகமாகின்றன. முடிச்சு இரு வகைப்படும். இரண்டு பாவு நூல்களையும் சுற்றி, இரு நுனிகளும் அவற்றின் நடுவே வெளிவருவது ஒன்று. ஒரு பாவு நூலை மட்டும் முழுதாகச் சுற்றி, அடுத்ததன் பின்னே நழுவி வருவது மற்றொன்று. முன்னதற்கு மேற்கு அனடோலிய ஊரான கோர்தெஸின் பெயராலும், பின்னதற்கு ஈரானிய ஊரான சென்னேயின் பெயராலும் வணிகர் பெயரிட்டனர். வேடிக்கை என்னவெனில், இன்று சனந்தஜ் எனப்படும் அச்சென்னே நகரத்து நெசவாளர் இட்டது கோர்தெஸ் முடிச்சையே. பிற்கால ஆய்வாளர் இப்பெயர்களை ஒதுக்கிச் சமச்சீர் முடிச்சு, சமச்சீரற்ற முடிச்சு என்று வழங்கலாயினர். 'துருக்கி முடிச்சு', 'பாரசீக முடிச்சு' என்னும் வழக்குகளும் இவ்வாறே ஐயத்துக்குரியன. இன்று கிடைக்கும் முடிச்சு விரிப்புகளுள் முழுமையாக எஞ்சிய மிகத் தொன்மையானது, 1949இல் செர்கேய் ருதென்கோ அல்த்தாய் மலையின் பாசிரிக் புதைமேட்டில் பனிக்கட்டியினுள் கண்டெடுத்தது. கி.மு. 5ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அதன் முடிச்சு சமச்சீரானது. அனடோலியாவில் துருக்கியர் குடியேறுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பொருள் அது. 'துருக்கி முடிச்சால் ஆனது' என்று அதனை வருணிக்கும் நூலைப் பெயர்ப்பவர் சற்றுத் தயங்குவது நலம்.

எழுத்து கரையான கதை

அனடோலியாவில் எஞ்சியவற்றுள் பழமை வாய்ந்த பெருந்தொகுதி கொன்யா நகரத்து அலாவுத்தீன் பள்ளிவாசலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அங்கு எட்டு விரிப்புகளும் துண்டுகளும் கிடைத்தன. 1930ஐ ஒட்டி ரீஃப்ஸ்டால் என்பார் பெய்செஹிர் ஊரின் எஷ்ரெஃபோக்லு பள்ளிவாசலில் மேலும் மூன்றைக் கண்டார். இவை செல்ஜூக் காலத்தன, 13ஆம் நூற்றாண்டையோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தன என்பது பொதுவான கருத்து.

மொழியியலார்க்கு இவற்றின் உடலைவிடக் கரையே சுவையானது. உடற்பகுதியில் எண்கோணமும் கொக்கியும் விண்மீனும் சிறியனவாக வரிசையில் அடுக்கப்பட்டிருக்க, அகன்ற கரையில் அம்புமுனை போன்ற தலையுடைய நெட்டுருவங்கள் நிற்கின்றன. அவை கூஃபி என்னும் அரபு எழுத்தின் வழிவந்தவை. ஆயினும் அவற்றைப் படிக்க இயலாது. சொல் ஒன்றும் அங்கில்லை; எழுத்தின் நிமிர்வும் தாளமும் மட்டுமே எஞ்சியுள்ளன. கட்டடங்களிலும் பட்டுத்துணிகளிலும் உயர்குடிச் சின்னமாக விளங்கிய எழுத்து, தறியின் சதுரக் கட்டத்துக்குள் புகுந்தபோது ஒலியை உதிர்த்துவிட்டு உருவத்தை மட்டும் காத்துக்கொண்டது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் இந்நெட்டுருவங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, இறுதியில் வெறும் கொடிப் பின்னலாகிவிடுகின்றன. இம்மாற்றத்தின் படிகளை ஓவியங்களிலும் விரிப்புகளிலும் வரிசைப்படுத்திக் காணமுடியும். ஒலிமாற்றத்தைக் காலவரிசையில் அடுக்கிப் பழகியவர்க்கு இது புதிய வேலையாகத் தோன்றாது.

இக்காலத்து விரிப்புகளின் புகழ் அனடோலியாவுக்கு வெளியே பரவியிருந்தமைக்குப் பயணிகள் சான்று தருகின்றனர். மார்க்கோ போலோவின் நூல் துருக்கோமானியாவின் விரிப்புகளைப் புகழுமிடத்தில் அங்கு நகரங்களில் வாழ்ந்த கிரேக்கரையும் ஆர்மீனியரையும் தொழில்வல்லாராகக் குறிக்கிறது. துருக்கிய விரிப்பு என்பதில் துருக்கியர் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. 1330களின் தொடக்கத்தில் அனடோலியாவைக் கடந்த இப்னு பதூதா, அக்சராய் நகரத்து ஆட்டுமயிர் விரிப்புகள் சிரியா, எகிப்து, ஈராக், இந்தியா, சீனா ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின என்று எழுதுகிறார். இந்தியா அப்பட்டியலில் இடம்பெறுவது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

வடிவம் கிழக்கிலிருந்தும் வந்தது. 1886இல் வில்ஹெல்ம் ஃபொன் போடே ரோமில் வாங்கி, இன்று பெர்லினில் உள்ள சிறு விரிப்பொன்றில் இரு எண்கோணங்களுள் நாகமும் பறவையும் மோதுகின்றன. சீனத்தின் யாளி நாகமும் பீனிக்ஸ் பறவையுமே அவை; மங்கோலியப் பேரரசின் காலத்தில் பட்டுத்துணி வழியே மேற்கே வந்தவை. ஆனால் அனடோலிய முடிச்சில் அவற்றின் வளைவுகள் எல்லாம் கோணங்களாகிவிட்டன. இரவல் சொல் ஏற்கும் மொழியின் ஒலியமைப்புக்கு இணங்குவதுபோல இரவல் வடிவம் ஏற்கும் தறியின் இலக்கணத்துக்கு இணங்கிற்று.

ஓவியர் பெயரில் விரிப்பு

15, 16ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற அனடோலிய விரிப்புகள் பெரும்பாலும் தரையில் விரிக்கப்படவில்லை. மேசைமேல் விரித்தனர், அன்னை மரியின் அரியணைக்குக் கீழ் இட்டனர், திருவிழா நாளில் சாளரத்தில் தொங்கவிட்டனர். ஓவியர் அவற்றை நூலிழை பிசகாமல் வரைந்தனர். விரிப்புகள் தேய்ந்து மறைந்தன, ஓவியங்கள் நின்றன. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் ஆய்வு தொடங்கியபோது காலத்தைக் கணிக்க ஓவியங்களே அளவுகோலாயின. 1877இல் யூலியுஸ் லெஸ்ஸிங் வெளியிட்ட நூல் ஓவியங்களிலிருந்தே பழைய விரிப்பு வடிவங்களைத் திரட்டிற்று. அவ்வழியில் வந்த பெயர்களே 'ஹோல்பைன் விரிப்பு', 'லோட்டோ விரிப்பு', 'மெம்லிங் குல்' முதலியன.

இப்பெயர்கள் தரும் மயக்கம் சிறிதன்று. ஹான்ஸ் ஹோல்பைன் பிறந்தது 1497ஐ ஒட்டி. அவர் பெயரால் வழங்கும் சிறுவடிவ விரிப்பு 1451இல் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா ரிமினியில் தீட்டிய சுவரோவியத்திலேயே தென்படுகிறது. லொரென்ஸோ லோட்டோவின் பெயர் தாங்கிய வகை, 1516இல் செபாஸ்தியானோ தெல் பியோம்போ தீட்டிய கர்தினால் ஒருவரின் உருவப்படத்தில் மேசைமேல் கிடக்கிறது. லோட்டோ தம் புகழ்பெற்ற அந்தோனியார் ஓவியத்தை முடித்ததோ 1542இல். மேலும், ஹோல்பைன் வகையும் லோட்டோ வகையும் அடிப்படையில் ஒரே அமைப்பின் இரு வடிவங்கள்: எண்கோணமும் குறுக்குருவும் மாறி மாறி வரும் வரிசை, முன்னதில் பின்னற்கோடு, பின்னதில் இலைக்கொடி. இரு ஓவியர் பெயர்கள் ஓர் உறவை மறைத்துவிட்டன.

இடப்பெயர்களும் இவ்வாறே ஏமாற்றுகின்றன. 1520இல் இங்கிலாந்தின் கர்தினால் உல்ஸிக்கு வெனிஸ் அனுப்பிய 60 விரிப்புகள் 'தமாஸ்கஸ் விரிப்பு' எனக் குறிக்கப்பெற்றன. அப்பெயரால் வெனிஸ் நகரப் பட்டியல்களில் வருபவை கெய்ரோவின் மம்லூக் விரிப்புகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 'திரான்சில்வேனிய விரிப்பு' என்பது அங்கு நெய்ததன்று. மேற்கு அனடோலியாவில் நெய்யப்பட்டு, பிரஷோவின் கருந்தேவாலயம் முதலிய லூத்தரன் ஆலயங்களில் காக்கப்பெற்றது. ஆங்கிலத்தில் 'டர்க்கி கார்ப்பெட்' என்பது ஒரு காலத்தில் கிழக்கிலிருந்து வந்த எந்த முடிச்சு விரிப்பையும் சுட்டிற்று. தமிழிலும் இதற்கு இணையுண்டு. 'துருக்கர்' என்னும் இனப்பெயர் தென்னிந்திய மொழிகளில் இசுலாமியர் அனைவரையும் குறிப்பதாக விரிந்தது. அதன் திரிபான 'துலுக்க' என்னும் அடை, இன்று ஆட்களைக் குறிக்குங்கால் இழிவழக்காகிவிட்டதெனினும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செண்டுப்பூவுக்குத் 'துலுக்கச் செவ்வந்தி' என்று பெயர் தந்தது. ஆங்கிலேயர் அதே கண்டத்துப் பறவைக்கு 'டர்க்கி' என்றனர். தொலைவிலிருந்து வந்தது எதுவாயினும் துருக்கியிலிருந்து வந்தது என்று கொள்வது இரு மொழிக்கும் பொதுவான பழக்கமாயிருந்திருக்கிறது.

உஷாக்கும் அரண்மனையும்

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு அனடோலியாவின் உஷாக் பகுதியில் பெருமாற்றம் நிகழ்ந்தது. சிறு எண்கோண வரிசைகள் பின்தள்ளப்பட்டுப் பெரும் வட்டப் பதக்கமும் விண்மீனும் உடற்பகுதியை ஆளத் தொடங்கின. இவ்வடிவங்களின் பிறப்பிடம் தறியன்று, ஓலையும் தாளும் எழுதும் கூடம். ஈரானின் தப்ரீஸில் வளர்ந்த நூற்கட்டு அட்டைகளிலும் முகப்புப் பக்கங்களிலும் பதக்கம் முன்னரே நிலைபெற்றிருந்தது. ஒட்டோமன் அரண்மனை ஓவியக்கூடத்தில் வரைந்த மாதிரிகள் நெசவூர்களுக்குச் சென்றன என்று கொள்வது பொருத்தம். ஆயினும் உஷாக் நெசவாளர் பாரசீக இலக்கணத்தை அப்படியே ஏற்கவில்லை. பாரசீக விரிப்பில் நடுப்பதக்கம் ஒன்று தலைமை தாங்க, மூலைகள் அதற்குப் பணிந்து நிற்கும். உஷாக் விரிப்பிலோ பதக்கங்கள் முடிவில்லா வரிசையின் ஒரு பகுதியாகக் கரையால் வெட்டுண்டு நிற்கின்றன. கரைக்கு வெளியேயும் வடிவம் தொடர்கிறது என்ற உணர்வை அவை தருகின்றன. செல்ஜூக் விரிப்பின் பழைய வரிசைமுறை புதிய உருவங்களுக்குள்ளும் இறக்கவில்லை.

1514இல் முதலாம் செலீம் தப்ரீஸையும் 1517இல் கெய்ரோவையும் கைப்பற்றியதும் மூன்றாவது ஓட்டம் ஒன்று கலந்தது. நீண்டு வளைந்த இரம்ப இலை, தாமரை, துலிப், கார்னேஷன் ஆகியன கொண்ட அரண்மனை விரிப்புகள் சமச்சீரற்ற முடிச்சில் நெய்யப்பட்டன. 1585இல் மூன்றாம் முராத் கெய்ரோவிலிருந்து 11 விரிப்புக் கலைஞர்களை ஆட்டுமயிர் நூலோடு இஸ்தான்புல்லுக்கு அனுப்பப் பணித்த ஆணை எஞ்சியுள்ளது. வடிவம் இஸ்தான்புல்லினது, நூலும் கையும் கெய்ரோவினது. இத்தகைய விரிப்பை எந்நாட்டது என்று சொல்வது?

தமிழ் வாசகரை மிகவும் மயக்கக்கூடிய பெயர் ஒன்று இங்கு எதிர்ப்படுகிறது. மூன்று உருண்டைகளும் இரு நெளிகோடுகளும் சேர்ந்த வடிவம் ஒட்டோமன் பட்டிலும் ஓட்டிலும் வெண்தள உஷாக் விரிப்பிலும் வருகிறது. கலை வரலாற்று நூல்கள் அதனைச் 'சிந்தாமணி' என்கின்றன. வேண்டியது தரும் மணி என்னும் வடசொல்லே அது. சீவகன் கதையால் நமக்கு நன்கு அறிமுகமானது. பௌத்த மும்மணியோடு உருண்டைகளைத் தொடர்புபடுத்திய பிற்கால அறிஞர் தந்த பெயராதலின் அது வடிவத்தோடு உடன் பயணம் செய்ததன்று. ஒட்டோமன் ஆவணங்கள் உருண்டையைப் 'பெனெக்' அதாவது புள்ளி என்றும், நெளிகோட்டைச் சிறுத்தை அல்லது புலியைக் குறிக்கும் 'பெலெங்க்' என்னும் சொல்லாலும் சுட்டின. அரண்மனைக்குத் துணி நெய்தவர் கண்டது விலங்கின் தோலை. அறிஞர் கண்டது போதிசத்துவரின் மணியை. இந்தியச் சொல் இருப்பதால் இந்தியச் செல்வாக்கு உண்டு என்று தமிழில் எழுதிவிடும் ஆபத்து இங்கு மிகுதி.

'குல்' என்பதும் அத்தகையதே. பாரசீகத்தில் அது மலர், சிறப்பாக ரோஜா; குல்கந்து என்னும் சொல்லில் நாமும் அதைச் சுவைத்திருக்கிறோம். துர்க்மேனிய விரிப்பின் எண்கோணத்துக்கு வழங்கும் சொல் 'கோல்' என்றும் பதிவாகியுள்ளது. அதனைக் குலச்சின்னம் என மோஷ்கோவா விளக்கினார். 'மெம்லிங் குல்' என்பதை 'மெம்லிங் ரோஜா' என்று பெயர்த்தால், கொக்கி சூழ்ந்த கோண உருவத்தில் இதழைத் தேடி வாசகர் அலைவர். இதற்கு மாறாக, பெயர் எல்லாமே பிழை என்றும் சொல்வதற்கில்லை. வெண்தள உஷாக் விரிப்பின் ஒருவகையை ஐரோப்பியர் 'பறவை விரிப்பு' என்கின்றனர். உண்மையில் அவ்வுருவம் மலரைச் சூழ்ந்த இலைகளின் சேர்க்கை. ஆனால் 1640ஆம் ஆண்டு இஸ்தான்புல் விலைப் பதிவேடு செலெந்தி ஊரின் வெண்தள விரிப்பைக் 'காக்கை வடிவினது' என்று குறிக்கிறது. இலையைப் பறவையாகக் காண்பதில் விற்றவரும் வாங்கியவரும் ஒன்றுபட்டனர்.

வடிவத்துக்குத் தொன்மப் பொருள் காணும் ஆர்வமும் எல்லை கடந்ததுண்டு. கிலிமில் இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணுருவை ஒத்த 'எலிபெலிந்தே'யைக் கற்கால அன்னைத் தெய்வத்தோடு இணைத்து 1989இல் ஜேம்ஸ் மெல்லார்ட் ஒரு பெருநூலின் பகுதியாக வெளியிட்ட சத்தால்ஹோயுக் சுவரோவியங்களுக்கு அகழாய்வுச் சான்று கிடைக்கவில்லை. அவர் வரைந்தவை புனைவு என்பது அவர் மறைவுக்குப் பின் 2018இல் உறுதியாயிற்று.

தெற்கே வந்த சொற்கள்

இனித் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வரலாம். 'கம்பளம்' அதர்வ வேதத்திலேயே காணப்படும் 'கம்பல' என்னும் வடசொல்லின் வழியது. அங்கு அது ஆட்டுமயிர்ப் போர்வை, விரிப்பன்று. தமிழில் கம்பளி, கன்னடத்திலும் தெலுங்கிலும் கம்பளி என்பன அப்பழம்பொருளைக் காக்கின்றன. சமணக் கதையாகிய சாலிபத்திரன் வரலாற்றில் வணிகர் கொண்டுவரும் 'ரத்தினகம்பல'மும் போர்த்துவதே. தமிழின் 'இரத்தினக் கம்பளம்', கன்னடத்தின் 'ரத்னகம்பளி', தெலுங்கின் 'ரத்னகம்பளி' என்பன இன்று வண்ண முடிச்சு விரிப்பைக் குறிக்கின்றன. அஃதாவது, முடிச்சு விரிப்பு என்னும் புதுப்பொருள் தெற்கே வந்தபோது மேனியில் கிடந்த சொல் தரைக்கு இறங்கிற்று. பழைய அடை புதிய பொருளின் நிறச்செறிவுக்குப் பொருந்தியும் வந்தது. விருந்தினரை இரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்பது தமிழ் மரபுத்தொடர். சிவப்புக் கம்பளம் ஆங்கிலத்தின் நிழல்.

முடிச்சு நெசவு சோழமண்டலக் கரையில் வேரூன்றிய இடம் மசூலிப்பட்டினத்தை அடுத்த ஏலூரு. சென்னைக் கோட்டையின் தலைவராயிருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1679இல் அவ்வூருக்குச் சென்று, நூறாண்டுகளுக்கு முன்னர்ப் பாரசீகத்திலிருந்து வந்ததாகக் கூறிக்கொண்டோர் நெய்த விரிப்புகளைத் தம் நாட்குறிப்பில் வருணித்தார். செங்குத்தான தறியில் பருத்தி நூல் பாவு. அதன்முன் 8 வயது முதல் 12 வயது வரையான சிறுவர். தறிக்குப் பின்னே தாளில் வரைந்த மாதிரியைக் கையில் வைத்து, எந்நிறத்தில் எத்தனை முடிச்சு என்று உரக்கச் சொல்லும் ஒருவர். இக்காட்சி மொழியியலார் கவனத்துக்குரியது. கொன்யாவின் கரையில் எழுத்து ஒலியிழந்து வடிவமாயிற்று. ஏலூரில் வடிவம் ஒலிபெற்றுச் சொல்லாயிற்று. காசுமீரத்தில் இச்சொல்லுக்கு 'தாலீம்' என்னும் குறியீட்டு எழுத்துமுறையே உண்டு. நெசவு ஒரு நபரின் வாயிலிருந்து மற்றவர் கைக்குச் செல்கையில் செவிப்பிழையால் வடிவம் மாறியிருக்கவும் கூடும். சிறுவர் உழைப்பின் மேல் நின்ற கலை அது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஏலூரின் வடிவங்கள் பாரசீகத்தினவாயினும் அவற்றின் பெயர்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. 'ஹாஷிம் கானி', 'ராமச்சந்திர கானி' என்பன ஆட்பெயர் கொண்டவை. கான் என்பதிலிருந்து வந்த பாரசீக விகுதி ராமச்சந்திரனோடும் ஒட்டிக்கொண்டது. ஹோல்பைனும் லோட்டோவும் பெற்ற இடத்தை இங்கு வேறு சிலர் பெற்றிருக்கின்றனர். நெய்தவர் பெயர் இங்கும் இல்லை. தமிழ்நாட்டில் வாலாஜாபேட்டையிலும் அய்யம்பேட்டையிலும் முடிச்சு விரிப்புகள் நெய்யப்பட்டன. ஹென்றி ஹாரிஸ் 1908இல் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி எழுதிய நூல் இத்தொழிலின் இறங்குமுகக் காலத்துப் பதிவு.

செந்நிறத்தைப் பற்றி ஒரு சொல். உஷாக்கின் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வந்தது. சோழமண்டலத் துணியின் சிவப்பு இம்பூறல் செடியின் சாயவேரிலிருந்து வந்தது. செடிகள் வேறாயினும் இரண்டிலும் நிறம் தரும் பொருள்களுள் அலிசாரின் உண்டு. 1868இல் செருமானிய வேதியியலார் அதனைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டபின் இரு நாட்டுச் சாயக்காரரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் தொழிலிழந்தனர்.

'ஜமக்காளம்' இவை அனைத்தினின்றும் வேறு வழியில் வந்த சொல். மராத்தியில் ஜம்கானா, கன்னடத்தில் ஜமகானா, தெலுங்கில் ஜம்புகானா என வழங்குவதன் தமிழ் வடிவமே அது. அகராதிகளில் சமுக்காளம் என்றும் காணலாம். ஈற்றிலுள்ள 'கானா' பாரசீகத்தில் வீடு, அறை என்று பொருள்படும். கூடம் ஒன்றின் பெயர் அக்கூடத்தில் விரிக்கப்படும் துணிக்கு ஆகிவந்தது எனக் கொள்வது பொருந்தும். னகரம் ளகரமாகி, அம் ஈறு ஏற்றுச் சொல் தமிழாயிற்று. வடக்கே இதே துணிக்குச் 'சத்ரஞ்சி' என்று பெயர். சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரஞ்சாகித் திரும்பி வந்த சொல்லே அதன் அடி என்பர்.

பவானியில் இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. ஆங்கிலேய ஆலைத்துணியின் போட்டியால் நலிந்த நெசவாளர், ஜங்கமர் சமூகத்தார் முன்னின்று, ஆலை எளிதிற் போட்டியிட முடியாத முரட்டு வண்ணநூல் விரிப்புக்குத் திரும்பினர். குழித்தறியில் நெருக்கி அடிக்கப்பட்ட ஊடை பாவை மறைக்க, அகன்ற வண்ணப் பட்டைகள் ஓடுகின்றன. 2005இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கைத்தறியில் நெய்யாதவை அப்பெயரில் விற்கப்படுவது குறித்த முறையீடுகள் அதன் பின்னரும் ஓயவில்லை. பெயர் பொருளைவிட்டு நழுவினால் இழப்பு யாருக்கு என்பது பவானியில் ஏட்டுக் கேள்வியன்று.

பெயர்ப்போர் தேர்வு

மேற்கண்டவற்றை நோக்கின், கிலிமைக் கம்பளம் எனப் பெயர்ப்பதைவிட ஜமக்காளத்தோடு ஒப்பிட்டு விளக்குவது உண்மைக்கு அணுக்கமானது. இரண்டும் முடிச்சற்றவை, இரண்டிலும் ஊடையே முகம். வேறுபாடும் உண்டு: பவானியின் ஊடை அகலம் முழுதும் ஓடுவதால் பட்டை தோன்றும், பிளவு தோன்றாது, கிலிமின் ஊடை இடையில் திரும்புவதால் உருவமும் பிளவும் தோன்றும். ஆட்டுமயிர், பருத்தி என்னும் மூலப்பொருள் வேறுபாடும் சொல்லப்பட வேண்டும். ஆதலின் 'கிலிம்' என்னும் சொல்லை அப்படியே ஆண்டு, முதன்முறை வருமிடத்தில் 'ஜமக்காளம்போல் முடிச்சின்றி நெய்த ஆட்டுமயிர் விரிப்பு' என ஒரு தொடர் சேர்த்தல் தகும். 'ஹாலி'க்குக் கம்பளம் போதுமெனினும், இரண்டும் ஒரே பத்தியில் வருமாயின் 'முடிச்சுக் கம்பளம்' என்று விரித்தெழுதுதல் வேண்டும். ஓவியர் பெயர்களை விலக்க இயலாது. உலக வழக்கு அவற்றை ஏற்றுவிட்டது. ஆனால் 'ஹோல்பைனின் கம்பளம்' என்று ஆறாம் வேற்றுமை இட்டால் அவர் உடைமையோ படைப்போ ஆகிவிடும். 'ஹோல்பைன் வகைக் கம்பளம்' என்பதே பிழையற்றது. ஓர் உருபில் ஒரு வரலாறு கெடுகிறது.

துருக்கியின் 'செஜ்ஜாதே' என்பதற்குத் 'தொழுகை விரிப்பு' எனப் பலரும் எழுதுகின்றனர். தமிழ் முசுலிம்களிடையே முசல்லா என்னும் சொல் அன்றாடம் புழங்குகையில் புதுத்தொடர் தேவையா என்பது எண்ணத்தக்கது. இரண்டும் அரபு வழியன. செஜ்ஜாதே சஜ்தாவோடு இனமுடையது, முசல்லா தொழுமிடம் என்னும் பொருளது. பல மாடங்கள் வரிசையாக அமைந்த பள்ளிவாசல் விரிப்பைத் துருக்கியர் 'சஃப்' என்பதும், தொழுகையில் நிற்கும் அணியைத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் அதே சொல்லால் குறிப்பதும் பெயர்ப்பாளர்க்கு நல்வாய்ப்பு.

ஆயினும் மாடவடிவம் கண்டவிடமெல்லாம் முசல்லா என்று எழுதிவிட முடியாது. வாஷிங்டன் ஜவுளி அருங்காட்சியகத்தில் ஒட்டோமன் காலத்து முடிச்சு நெசவு ஒன்று உள்ளது. கெய்ரோவில் நெய்யப்பட்டதாகக் கருதப்படுவது. தூண்கள் தாங்கும் வளைவு, இடையே மலர்கள் என்று அரண்மனைத் தொழுகை விரிப்பின் சாயல் முழுதும் அதில் உண்டு. ஆனால் மேற்பகுதியில் இருப்பது எபிரேய எழுத்து. 118ஆம் சங்கீதத்தின் தொடர் ஒன்று. கொன்யாவின் கரையெழுத்தைப் போலன்றி இது படிக்கக்கூடிய எழுத்து. யூதர் தொழுகைக்கூடத்தில் தோரா வைத்த பேழையின்முன் தொங்கிய பொருள் அது. எவரும் அதன்மேல் நின்றதில்லை. தமிழில் அதற்குத் திரை என்றே பெயரிட வேண்டும்.